பிக்கப் ஷெல்லின் மேல் நாமே செய்து பொருத்தும் ரூஃப் ரேக்: அளவெடுப்பதிலிருந்து கனூ கட்டுவது வரை

கூரை மேல் சாமான் கட்டுவதற்கான ரேக் செய்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இரண்டு சட்டத்தை நீளவாக்கில் போட்டு, அதன் மேல் இரண்டைக் குறுக்கே வைத்து முறுக்கினால் ரேக் தயார். அதை, பிக்கப் வண்டியின் பின்தொட்டியை மூடும் ஃபைபர்கிளாஸ் ஷெல்லின் கூரை மேல், மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல், கூரை கீறல் விடாமல், நெடுஞ்சாலைக் காற்று பிய்த்துக்கொண்டு போகாமல் நிற்க வைப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. இந்த வழிகாட்டியில் ஓட்டை போடுவதையும் அதை அடைப்பதையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன், அதற்குக் காரணம் இதுதான்.

என்னிடம் இருப்பது ஐந்தரை அடித் தொட்டி உள்ள ஃபோர்டு எஃப்-150, அதன் மேல் கேபின் உயரத்துக்கு வரும் ஃபைபர் ஷெல். டொரன்டோவில் இருக்கிறேன், கோடையில் அல்கான்குயின் பூங்காவுக்கு 16 அடி கனூ (துடுப்புப் படகு) கொண்டு போக வேண்டும், கனூ 30 கிலோ. இதை வைத்துத்தான் அளவுகளைச் சொல்கிறேன். டகோமா, ரேம் போன்ற வேறு பிக்கப் வைத்திருந்தால் அளவு மாறும், முறை மாறாது.

ஷெல்லின் கூரை ஒரு தோல்தான், தூண் கிடையாது. மேலே வைக்கிற பாரம் கூரை வழியாக ஷெல்லின் பக்கச்சுவருக்கு வந்து, அங்கிருந்து தொட்டியின் விளிம்புக்கு இறங்கி, கடைசியில் வண்டியின் சட்டகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த வழியில் எந்த இடம் பலவீனமோ அந்த இடம்தான் உங்கள் ரேக்கின் பலம். மேலே எவ்வளவு தடித்த இரும்பைப் போட்டாலும் சரி, நாலு போல்ட்டும் கூரையின் நடுவில் இருந்தால் கூரை பள்ளம் விழும். அதனால் சட்டங்களைக் கூரையின் ஓரத்துக்கு, கூரை வளைந்து சுவராக மாறுகிற இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். அந்த வளைவுதான் ஷெல்லிலேயே விறைப்பான பகுதி. கையால் நடுக்கூரையை ஒரு முறை, ஓரத்தை ஒரு முறை அழுத்திப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியவை

ஷெல் ஃபைபரா அலுமினியத் தகடா என்று பாருங்கள். மெல்லிய அலுமினிய ஷெல்லாக இருந்தால் இந்த முறை வேண்டாம், அதற்குத் தொட்டி விளிம்பிலிருந்தே கால் எழுப்பி ரேக் செய்ய வேண்டும். ஃபைபராக இருந்தால், தயாரித்த நிறுவனத்தின் கையேட்டில் கூரை எவ்வளவு பாரம் தாங்கும் என்று போட்டிருப்பார்கள், அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ரேக்கின் எடையும் அடக்கம் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். கூரையில் பாரமே வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் அதையும் மதியுங்கள்.

அடுத்து, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வண்டியின் சுமை வரம்பு இருக்கும். ஃபைபர் ஷெல்லே ஏறக்குறைய 70 முதல் 90 கிலோ வரும். ஷெல், ரேக், கனூ, உள்ளே இருக்கும் கூடாரம், ஆட்கள் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் வர வேண்டும்.

மூன்றாவது, கூரை ஒற்றை ஃபைபரா, இல்லை இரண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவே நுரையோ தேன்கூட்டு அட்டையோ வைத்துச் செய்ததா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாணயத்தை எடுத்து உள்பக்கமிருந்து தட்டிக்கொண்டே போனால் சத்தம் மாறும் இடங்கள் தெரியும். உள்ளே துணி ஒட்டியிருந்தால் இது சரியாகத் தெரியாது, முதல் ஓட்டை போடும்போது துரப்பணத் தூளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். நடுவில் மென்மையான பொருள் இருந்தால் என்ன செய்வது என்று கீழே சொல்கிறேன்.

காற்றையும் கொஞ்சம் கணக்குப் போட்டுவிடலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், காற்றுக்கு நேரே நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் மேலும் ஏறக்குறைய 46 கிலோ எடைக்குச் சமமான விசை வருகிறது. 80-இல் அது 30, 120-இல் 67. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, விசை இரண்டு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. கனூ கூரையை நசுக்குவதை விட, காற்று கனூவைப் பிடித்து ரேக்கோடு சேர்த்து மேலே தூக்குவதுதான் எனக்குக் கவலை. போல்ட், கூரையின் உள்பக்கம் நட்டுக்கு மேல் வைக்கும் அடித்தகடு, ஷெல்லைத் தொட்டியோடு பிடிக்கும் கிளாம்ப் எல்லாவற்றையும் இந்தத் தூக்கலை மனதில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

என்ன வாங்க வேண்டும்

எலக்ட்ரீஷியன்கள் குழாய்களைத் தொங்கவிடப் பயன்படுத்தும் ஸ்ட்ரட் சேனல் இருக்கிறதே, துத்தநாகம் பூசிய, மேல்பக்கம் திறந்த இரும்புச் சட்டம், அதுதான் என் தேர்வு. டி வடிவக் காடி உள்ள அலுமினியச் சட்டம் (டி-ஸ்லாட்) இன்னும் லேசு, பார்க்கவும் அழகு, விலைதான் பல மடங்கு. ஸ்ட்ரட் எந்த ஹார்டுவேர் கடையிலும் 10 அடி நீளத்தில் கிடைக்கும். இரண்டே நீளம் போதும். அகலம் இரண்டுக்கும் ஒன்றேகால் அங்குலம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், 1-5/8 அங்குலம். ஒன்று 13/16 அங்குல உயரமுள்ள தாழ்ந்த சேனல், அதைச் சரிபாதியாக வெட்டினால் ஆளுக்கு 5 அடி நெடுஞ்சட்டம் இரண்டு. இன்னொன்று 1-5/8 அங்குலமே உயரமும் உள்ள ஆழமான சேனல், அதிலிருந்து 55 அங்குலத்தில் இரண்டு குறுக்குச்சட்டம். மொத்தம் போல்ட்டோடு சேர்த்து 15 கிலோவுக்குள் முடிந்தது.

அடியில் வரிசையாக நீள்ஓட்டை போட்டு வரும் சேனலும் உண்டு, ஓட்டையே இல்லாததும் உண்டு. ஓட்டையில்லாததை எடுங்கள், போல்ட் வரும் இடத்தில் மட்டும் நாமே ஓட்டை போட்டுக்கொள்ளலாம். அந்த நீள்ஓட்டைகள் நம் போல்ட்டுக்கு ரொம்பப் பெரியவை, பெரிய வாஷர் போட்டாலும் சட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

கூரையில் இறங்குவதற்கு 5/16 அங்குல ஸ்டெயின்லெஸ் போல்ட் எட்டு, அதற்கு நைலான் வளையம் உள்ள லாக் நட், அகலமான வாஷர். குறுக்குச்சட்டத்தை நெடுஞ்சட்டத்தோடு பிடிக்க 3/8 போல்ட்டும், சேனலுக்குள் போய் உட்காரும் ஸ்பிரிங் நட்டும், ஒவ்வொரு சந்திப்புக்கும் இரண்டு வீதம் எட்டு. உள்பக்க அடித்தகட்டுக்கு 3 மில்லிமீட்டர் அலுமினியப் பட்டை. ஓட்டையைத் தண்ணீர் கசியாமல் அடைக்கப் பியூட்டைல் டேப் ஒரு சுருள். மரைகள் பற்றிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் ஆன்டி-சீஸ் பசை ஒரு சின்ன ட்யூப். பழைய பிளாஸ்டிக் காய்கறி வெட்டும் பலகை ஒன்று, அது எதற்கென்று பிறகு.

கணக்கு சரியா என்று பார்ப்போம். ரேக் 15, மேலே நான் வைத்துக்கொண்ட வரம்பு 45, ஆக 60 கிலோ. குழியில் விழும்போது அது மூன்று மடங்காகத் தெரியும் என்று வைத்தால் 180. எட்டுப் போல்ட்டுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 23 கிலோகூட வராது. போல்ட் இதைச் சிரமமில்லாமல் தாங்கும், போல்ட்டைச் சுற்றியிருக்கும் ஃபைபர்தான் தாங்குமா என்பது கேள்வி. அதனால்தான் அடித்தகடு. கூரைக் கூடாரம் வைத்து அதில் ஆள் படுக்கப் போகிறீர்கள் என்றால் இந்த ரேக் உங்களுக்கானது அல்ல, அதற்கு ஷெல்லுக்குள்ளே கால் நிறுத்திப் பாரத்தைத் தொட்டி விளிம்பில் இறக்க வேண்டும்.

வெட்டுவது சீக்கிரம் முடிந்துவிடும். ஆக்சா பிளேடே போதும், முனைகளை அரத்தால் தேய்த்து, வெட்டிய முகத்தில் துத்தநாகப் பெயின்ட் இரண்டு முறை அடியுங்கள். இங்கே குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு, பெயின்ட் இல்லாத ஒரு முனையை ஒரே பருவத்தில் சிவப்பாக்கிவிடும். துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டிங் மட்டும் செய்யாதீர்கள், அந்தப் புகையை இழுத்தால் இரவு காய்ச்சல் வரும்.

கூரையின் வளைவு

இந்த இடத்தில்தான் முதல் தடவை நான் தவறு செய்தேன். ஷெல்லின் கூரை கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும். ஐந்தடிச் சட்டத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தால் நடுவில் தொட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் 8 மில்லிமீட்டர் தூக்கி நின்றது. இறுக்கினால் இறங்கிவிடும் என்று நினைத்து முனைப் போல்ட்டுகளை முறுக்கினேன். சட்டம் வளையவில்லை, கூரைதான் மேலே வளைந்து வந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் போல்ட்டைச் சுற்றி ஜெல்கோட்டில், அதாவது ஃபைபரின் பளபளப்பான மேற்பூச்சில், சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள். அந்தக் கோடுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

எனவே, சட்டம் நேராக இருக்கும், கூரை வளைந்திருக்கும், இரண்டையும் அதனதன் போக்கில் விட்டுவிட்டு இடைவெளியை மட்டும் நிரப்புங்கள். வெட்டும் பலகை இதற்குத்தான். அதிலிருந்து இரண்டு அங்குலச் சதுரத் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு போல்ட் இடத்திலும் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவு தடிமனுக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள். கூரை பக்கவாட்டிலும் சரிந்திருப்பதால் துண்டை ஆப்பு போலச் சரித்துத் தேய்க்க வேண்டியிருக்கும். பொறுமையான வேலை, ஒரு மாலை முழுக்கப் போகும். சட்டத்தின் மேல் ரசமட்டம் வைத்து, இரண்டு சட்டமும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், அதற்கு முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். அப்புறம் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள், இரண்டும் ஒன்றாக வந்தால் சட்டங்கள் சதுரமாக இருக்கின்றன, இல்லையென்றால் ஒன்றை முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.

ஒரு விஷயம். அந்தப் பலகை பாலிஎத்திலீன். அதில் எந்தப் பசையும் ஒழுங்காக ஒட்டாது. தண்ணீரைத் தடுக்கும் வேலையை அந்தத் துண்டின் மேல் விடாதீர்கள், அது கூரைக்கும் டேப்புக்கும் இடையில் நடக்க வேண்டிய வேலை.

ஓட்டை

உள்ளே போய் முதலில் பாருங்கள். கூரை விளக்குக்கும் பின்பக்க பிரேக் விளக்குக்கும் போகும் ஒயர் எந்த வழியாகப் போகிறது, பின் கண்ணாடிக் கதவின் கீல் எங்கே இருக்கிறது என்று மாஸ்கிங் டேப்பில் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே குறித்தது வெளியே எங்கே வருகிறது என்பதைப் பின்விளிம்பிலிருந்தும் பக்கத்திலிருந்தும் அளந்து மாற்றிக்கொள்ளலாம்.

வெளியே ஓட்டை வரும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி அதன் மேல் குறியுங்கள். 3 மில்லிமீட்டர் பிட்டைப் போட்டு, டிரில்லை முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்ற விடுங்கள். எதிர்ச்சுற்றில் பிட் கடிக்காது, ஜெல்கோட்டைச் சுரண்டி ஒரு சின்னக் குழி மட்டும் ஏற்படுத்தும். அந்தக் குழி விழுந்த பிறகு நேர்ச்சுற்றுக்கு மாற்றினால் ஓரம் சில்லு தெறிக்காது. ஃபைபர் தூள் நுரையீரலுக்கு ஆகாது, எனவே நல்ல முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, பக்கத்தில் ஒருவர் வேக்யூம் குழாயைப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. என் தம்பி உள்ளே படுத்துக்கொண்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். முனை உள்பக்கத் துணியைத் தொட்டதும் “அண்ணா நிறுத்து, வந்துடுச்சு” என்று அவன் குரல் கொடுத்ததால்தான் பிட் துணியைச் சுருட்டிக்கொண்டு கிழிக்காமல் தப்பியது. தனியாகச் செய்வதாக இருந்தால் உள்ளே அந்த இடத்தில் துணியை ஒரு சின்ன வட்டமாக முன்பே வெட்டி எடுத்துவிடுங்கள்.

எட்டையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு முனை ஓட்டை மட்டும் முதலில். அவற்றை 8.5 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, போல்ட்டைச் சும்மா இறக்கி, சட்டத்தை வைத்து, குறுக்களவை மறுபடி பார்த்த பிறகு, சட்டத்தில் போட்ட ஓட்டையையே வழிகாட்டியாக வைத்து நடு ஓட்டைகளைப் போடுங்கள். கடைசியில் நடு ஓட்டைகளையும் 8.5 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, எல்லா ஓட்டையின் வெளிவிளிம்பையும் கவுன்டர்சிங்க் பிட்டால் லேசாகச் சரித்து விடுங்கள். சின்னச் சரிவே போதும். பியூட்டைல் அந்தச் சரிவுக்குள் இறங்கிப் போல்ட்டைச் சுற்றி மோதிரம் போல உட்காரும்.

துரப்பணத்தில் வெள்ளை நுரையோ அட்டைத் தூளோ வந்தால் உங்கள் கூரை நடுவில் மென்மையானது. அப்படியே இறுக்கினால் நசுங்கும், நசுங்கினால் போல்ட் தளரும், தளர்ந்தால் தண்ணீர். அந்த ஓட்டையை 16 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கி, உள்பக்கத்தை டேப்பால் அடைத்து, கெட்டியாகக் கலக்கிய எபாக்ஸியை நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, அந்த எபாக்ஸியின் நடுவில் திரும்ப 8.5 ஓட்டை போடுங்கள். படகு செய்கிறவர்கள் செய்வது இப்படித்தான். இப்போது போல்ட் இறுக்குவது கல் போன்ற எபாக்ஸியை, நுரையும் நனையாது.

அடைப்பது

வீட்டுக் குளியலறைக்கு அடிக்கும் சிலிக்கோன் வேண்டாம். பிற்பாடு அதைப் பிய்த்து எடுத்தாலும் அதன் எண்ணெய்ப் படலம் போகாது, அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது. பாலியூரித்தேன் பசை ஒட்டும், ஆனால் சில வகைகள் கழற்றவே முடியாதபடி பிடித்துக்கொள்ளும். பியூட்டைல் டேப் காயாது, களிமண் போல எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும், சட்டமும் கூரையும் வெயிலில் வெவ்வேறு அளவு நீளும்போது கூடவே அசையும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

ஓட்டையைச் சுற்றி ஐசோபுரோபில் ஆல்கஹாலால் துடையுங்கள். டேப்பில் ஓர் அங்குலம் கிள்ளி, விரலால் உருட்டிக் கயிறாக்கி, போல்ட் இறங்கும் இடத்தைச் சுற்றிக் கூரையின் மேல் ஒரு சுற்று வையுங்கள், போல்ட்டின் கழுத்திலும் மெலிதாக ஒரு சுற்று. அதன் மேல் பலகைத் துண்டு, அதன் மேல் சட்டம், சட்டத்துக்குள்ளிருந்து போல்ட். உள்ளே அடித்தகடு, வாஷர், மரையில் ஒரு பொட்டு ஆன்டி-சீஸ், நட். அடித்தகட்டை ஒவ்வொரு போல்ட்டுக்கும் தனியாக வெட்டாமல், இரண்டு போல்ட்டுக்கு ஒன்றாக நீளப் பட்டையாக விட்டால் பாரம் இன்னும் பரவும். ஆன்டி-சீஸ் போடாமல் ஸ்டெயின்லெஸ் லாக் நட்டை இம்பாக்ட் டிரைவரால் ஓட்டினால் பாதியில் மரை ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கைச்சாவியே போதும்.

மேலே போல்ட்டின் தலையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, உள்ளே நட்டை மட்டும் திருப்புங்கள். தலை சுற்றினால் பியூட்டைல் கூடவே சுற்றிக் கிழிந்து, தண்ணீருக்கு வழி விடும். ஓரத்தில் பியூட்டைல் பிதுங்கி வரத் தொடங்கியதும் நிறுத்துங்கள். மறுநாள் கால் சுற்று, ஒரு வாரம் கழித்து இன்னொரு கால் சுற்று. ஒரே நாளில் முழுக்க இறுக்கினால் டேப் எல்லாம் வெளியே வந்துவிடும், இடையில் ஒன்றும் மிஞ்சாது. குளிரில் இந்த டேப் விறைத்துப்போய் ஓடாது, எனவே மே முதல் செப்டம்பருக்குள் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்துவிட்டு, தொட்டியில் செய்தித்தாளை விரித்து, தோட்டக் குழாயால் கால்மணி நேரம் கூரையில் தண்ணீர் அடியுங்கள். தாளில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் எந்த ஓட்டைக்குக் கீழே என்று தெரிந்துவிடும்.

மேலே ஏற்றுவது

குறுக்குச்சட்டத்தின் அடியில் ஒவ்வொரு சந்திப்புக்கும் இரண்டு ஓட்டை போட்டு, நெடுஞ்சட்டத்துக்குள் ஸ்பிரிங் நட்டை நுழைத்துக் கால் திருப்பு திருப்பினால் அது சேனலின் உள்மடிந்த உதட்டுக்குள் போய் உட்காரும், மேலிருந்து போல்ட்டை இறக்கி முறுக்குங்கள். நட்டின் பற்கள் சேனலின் உதட்டைச் சரியாகக் கவ்வியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும், கோணலாக உட்கார்ந்தால் இறுகினது போலத் தோன்றும், பிறகு கழன்று வரும். இரண்டு குறுக்குச்சட்டத்துக்கும் இடையே எனக்கு 115 சென்டிமீட்டர் கிடைத்தது. இந்த இடைவெளி எவ்வளவு கூடுதலோ கனூ அவ்வளவு ஆடாது.

இடைவெளியைக் கூட்டலாமே என்று ஒரு சட்டத்தைக் கேபின் கூரையிலும் இன்னொன்றை ஷெல்லிலும் வைத்து இரும்பால் இணைத்துவிடாதீர்கள். இந்த வண்டிகளில் கேபினும் தொட்டியும் தனித்தனியாகச் சட்டகத்தில் உட்கார்ந்திருக்கின்றன, மேடுபள்ளத்தில் இரண்டும் வெவ்வேறு பக்கம் முறுக்கும். இரும்பு வளைந்து கொடுக்காது, ஷெல்தான் கிழியும்.

இனி கிளாம்ப். ரேக் ஷெல்லைப் பிடித்திருக்கிறது, ஷெல்லைத் தொட்டியோடு பிடித்திருப்பது என்ன? பெரும்பாலான ஷெல்களில் நாலு கிளாம்ப்தான் போட்டுத் தருவார்கள். ரேக் வைத்தால் ஆறாக்குங்கள். இடையில் இருக்கும் நுரை டேப் நசுங்கிப்போய்க் கிளாம்ப் தளர்வது வழக்கம், முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு கட்டாயம் இறுக்கிப் பாருங்கள்.

கனூவைக் கவிழ்த்து வைத்தால் அதன் மூக்கு கீழ்நோக்கி வளைந்து வரும். நடுவில் நல்ல இடைவெளி இருப்பது போலத் தெரியும், முனை கேபின் கூரையை இடிக்கும். நான் அதனால் கனூவைப் பின்னுக்குத் தள்ளித்தான் கட்டுகிறேன், பின்னால் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டு வந்துவிடும். ஒன்டாரியோவில் ஒன்றரை மீட்டரோ அதற்கு மேலோ பின்னால் நீட்டினால் பகலில் சிவப்புக் கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் கட்ட வேண்டும் என்பது சட்டம்.

இரண்டு குறுக்குச்சட்டத்திலும் ஒவ்வொரு பட்டை, கைப்பிடியால் நெம்பி இறுக்கும் ராட்செட் வேண்டாம், கையால் இழுத்துப் பூட்டும் கேம் பக்கிள் பட்டை போதும். ராட்செட்டில் ஆத்திரமாக இழுத்தால் கனூவின் விளிம்பு நசுங்கும். பட்டையில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் உறுமாது. இதோடு முன்மூக்கிலிருந்து பானெட்டின் இரண்டு பக்கத்துக்கும் கயிறு, பின்மூக்கிலிருந்து கீழே கொக்கிக்கு இரண்டு கயிறு. இந்த நாலு கயிற்றை யாருக்காகவும் விடாதீர்கள். பெரிய டிரெய்லர் லாரி ஒன்று பக்கத்தில் கடக்கும்போது கனூவின் முழுப் பக்கத்திலும் காற்று அறையும், ரேக்கே கழன்றாலும் கனூ சாலையில் பின்னால் வருகிறவர் மேல் விழாமல் இந்தக் கயிறுதான் பிடித்து வைக்கும். 400-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது பாரி நகரில் ஒருமுறை, ஹன்ட்ஸ்வில்லில் 60-ஆம் சாலைக்குத் திரும்பும் முன் ஒருமுறை இறங்கிப் பட்டைகளைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். முதல் நிறுத்தத்தில் ஒன்றாவது கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

கனூ இல்லாத நாட்களில் திறந்த சேனல் 80-க்கு மேல் விசிலடிக்கும். சேனலுக்குள் நுரைக் குழாயை அழுத்தி வைத்து, முன் குறுக்குச்சட்டத்தைச் சுற்றி ஒரு கயிற்றைச் சுருளாகச் சுற்றிவிட்டால் சத்தம் ஏறக்குறைய நின்றுவிடும். நவம்பரில் குறுக்குச்சட்டம் இரண்டையும் கழற்றி வைத்துவிடுவேன், எட்டுப் போல்ட்தான், அரை மணி நேரம். ஏப்ரலில் பனி உருகிய பிறகு தொட்டியில் மறுபடி செய்தித்தாளை விரித்து, குழாயைத் திறந்து, எட்டு ஓட்டைக்குக் கீழேயும் பார்த்துவிட்டுத்தான் சட்டத்தை மேலே ஏற்றுவது.